சொல்லின் நீளம், பட்டையின் நீளம்

கணிப்பொறியின் சி மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவர்களுக்குத் தவறாமல் தரப்படும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு கட்டுரையைக் கணிப்பொறிக்குள் செலுத்த வேண்டும். அதில் ஓரெழுத்துச் சொற்கள் எத்தனை, ஈரெழுத்துச் சொற்கள் எத்தனை, மூவெழுத்துச் சொற்கள் எத்தனை என்று அது எண்ண வேண்டும். எண்ணியதை வெறும் எண்களாகக் காட்டாமல், நட்சத்திரக் குறிகளை அடுக்கிப் பட்டை வரைபடமாக அச்சிட வேண்டும். பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதி 1978-இல் வெளிவந்த சி மொழி நூலின் முதல் அத்தியாயத்திலேயே இப்பயிற்சி இடம்பெற்றது. பட்டைகளைக் கிடையாக வரைவது எளிது, நெட்டாக வரைவதுதான் சற்றுக் கடினம் என்று அவர்கள் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்கள்.

இதில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எண்ணுவதற்கு உலகில் எத்தனையோ பொருள்கள் இருக்கச் சொல்லின் நீளத்தை ஏன் எண்ண வேண்டும்? காகிதத்தில் நாம் வரையும்போது கிடைப் பட்டைக்கும் நெட்டுப் பட்டைக்கும் உழைப்பில் வேறுபாடே இல்லை. கணிப்பொறிக்கு மட்டும் ஒன்று எளிதாகவும் மற்றது கடினமாகவும் இருப்பானேன்? முதல் கேள்விக்கு விடை தேடினால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஓர் ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்கிறோம். இரண்டாவதன் விடை ஓர் இயந்திரத்தின் காகிதச் சுருளில் இருக்கிறது. இரண்டுக்கும் முன்பாகப் பட்டை என்பது எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

எண்ணை நீளமாக மாற்றிக் காட்டுவது இன்று நமக்கு மிக இயல்பாகத் தோன்றுகிறது. நாளிதழில் மழையளவுப் பட்டைகளைப் பார்த்தவுடன் எந்த மாதம் மிகுதி என்று சிறுவனும் சொல்லிவிடுகிறான். ஆனால் பல நாடுகளின் வாணிகத்தைப் பட்டைகளாக வரைந்து ஒப்பிட்ட முதல் படம் 1786-இல்தான் அச்சேறியது. வரைந்தவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். இளமையில் இவர் நீராவி எந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்தவர். இவருடைய அண்ணன் ஜான் பிளேஃபேர் கணித அறிஞர். சிறு வயதில் தம்பியை நாள்தோறும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வரைகோடாக்கச் செய்தவர். எண்ணால் சொல்லக்கூடிய எதையும் கோட்டாலும் சொல்லலாம் என்பதை அண்ணனிடமே கற்றதாகப் பிளேஃபேர் எழுதியிருக்கிறார்.

அவர் வெளியிட்ட வாணிக வரைபட நூலில் ஏறத்தாழ எல்லாப் படங்களும் ஆண்டுக்கு ஆண்டு ஏறியிறங்கும் கோடுகளே. ஒன்று மட்டும் வேறு. ஸ்காட்லாந்தைப் பொறுத்தவரை பல ஆண்டுகளின் கணக்கு அவர் கைக்குக் கிடைக்கவில்லை. 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரையிலான ஓராண்டுக் கணக்கே இருந்தது. ஓராண்டை வைத்துக்கொண்டு காலக்கோடு வரைய முடியாது. ஆகவே ஸ்காட்லாந்தோடு வாணிகம் செய்த 17 நாடுகளையும் பகுதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று என இரண்டிரண்டு கிடைப் பட்டைகளை வரைந்தார். காலத்தைக் காட்டாத இந்தப் படம் மற்றப் படங்களைவிடப் பயன் குறைந்தது என்பதே அவருடைய எண்ணம். பஞ்சத்துக்குச் செய்த பண்டம் பின்னாளில் உலகம் முழுவதும் பரவிவிட்டது!

நீளம் ஏன் பணத்தைக் குறிக்கிறது என்று ஐயுற்றவர்களுக்கு அவர் தந்த விளக்கம் அழகானது. ஒரு வணிகர் தமக்கு வரும் பணத்தையெல்லாம் கினி நாணயங்களாகவே பெறுகிறார் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு நாள் மாலையும் அன்றைய நாணயங்களை ஒரே அடுக்காக அடுக்கி வைக்கிறார். அடுக்குகளின் உயரத்தைப் பார்த்தாலே எந்த நாள் வரவு மிகுதி என்று தெரிந்துவிடும். நட்சத்திரக் குறியால் அமைந்த பட்டையும் இத்தகைய நாணய அடுக்கே ஆகும். ஒரு குறி ஒரு சொல்; சொல் ஒன்று வந்தால் குறி ஒன்று ஏறும்.

இனிச் சொல்லின் நீளத்துக்கு வருவோம். இந்தக் கதை தொடங்கும் மனிதர் பிறந்த ஊர் நம் மதுரை. அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் அங்கே பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டதால், அவருக்கும் மதுரைக்கும் உள்ள உறவு பிறப்போடு முடிந்தது. பிற்காலத்தில் இலண்டனில் கணிதப் பேராசிரியராகத் திகழ்ந்தார். மின்னணுவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் டி மார்கன் விதிகள் இவருடையவையே.

1851-இல் டி மார்கன் தம் நண்பரான பாதிரியார் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு யோசனை சொன்னார். விவிலியத்தில் புனித பவுல் எழுதியவை என்று வழங்கும் நிருபங்கள் சில உண்டு. அவற்றுள் எபிரெயருக்கு எழுதிய நிருபம் அவருடையதுதானா என்பது பழைய வழக்கு. கிரேக்க மூலத்தில் ஒரு சொல்லுக்குச் சராசரி எத்தனை எழுத்து என்று ஒவ்வொரு நிருபத்துக்கும் கணக்கிட்டுப் பார்க்கலாமே என்றார் டி மார்கன். ஒரே மனிதர் இருவேறு பொருள்பற்றி எழுதினாலும் சராசரி ஒத்துவரும். இருவேறு மனிதர் ஒரே பொருள்பற்றி எழுதினாலும் வேறுபடும் என்பது அவருடைய ஊகம். தாமே எண்ணிப் பார்க்க அவர் உட்காரவில்லை.

உட்கார்ந்தவர் ஓர் இயற்பியலார். அமெரிக்காவின் தாமஸ் கார்வின் மெண்டன்ஹால் கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாமல் தாமே கற்றுப் பேராசிரியரானவர். 1878 முதல் சில ஆண்டுகள் டோக்கியோவில் இயற்பியல் கற்பித்தார். ஃபூஜி மலை உச்சியில் புவியீர்ப்பு முடுக்கத்தை அளந்தார். டி மார்கனின் யோசனை இவரைக் கவர்ந்தது. ஆனால் சராசரி போதாது என்று கண்டார். நான்கெழுத்துச் சொற்களாகவே எழுதுகிறவருக்கும் சராசரி 4; இரண்டெழுத்துச் சொற்களையும் ஆறெழுத்துச் சொற்களையும் சம அளவில் கலந்து எழுதுகிறவருக்கும் சராசரி 4. இரண்டு நடையும் ஒன்றாகுமா? ஆகவே ஒவ்வொரு நீளத்திலும் எத்தனை சொற்கள் என்று தனித்தனியே எண்ணிப் படமாக வரைய வேண்டும் என்றார்.

1887-இல் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் இதை வெளியிட்டபோது, அந்தப் படத்துக்கு அவர் சொன்ன உவமை நிறமாலை. தனிமம் ஒன்றைச் சூடேற்றி அதன் ஒளியைப் பிரித்தால் வரும் நிறவரிகளைக் கொண்டு அது சோடியமா, கால்சியமா என்று சொல்லிவிடலாம். அதுபோல எழுத்தாளர் ஒருவரின் சொற்களை நீளவாரியாகப் பிரித்தால், அவரை அடையாளம் காட்டும் நிறமாலை ஒன்று கிடைக்கும் என்று அவர் நம்பினார். டிக்கன்ஸ், தாக்கரே ஆகியோரின் நாவல்களிலிருந்து ஆயிரம் ஆயிரம் சொற்களாக எடுத்து எண்ணினார்.

அடுத்து அவர் கைவைத்தது பெரிய இடம். ஷேக்ஸ்பியர் பெயரில் உள்ள நாடகங்களை உண்மையில் எழுதியவர் பிரான்சிஸ் பேக்கன்தான் என்று அன்று ஒரு கூட்டம் வாதிட்டுக்கொண்டிருந்தது. பாஸ்டன் நகரச் செல்வந்தர் ஒருவரின் பொருளுதவியுடன் இரண்டு பெண்மணிகள் அமர்த்தப்பட்டனர். ஒருவர் நூலைப் பார்த்து ஒவ்வொரு சொல்லின் எழுத்தெண்ணிக்கையையும் உரக்கச் சொல்வார். மற்றவர் அதற்குரிய பொத்தானை அழுத்துவார். பொறி கூட்டிக்கொண்டே போகும். இப்படி ஏறத்தாழ 20 இலட்சம் சொற்கள் எண்ணப்பட்டன. இன்று நம் மாணவர் எழுதும் இருபது வரி நிரல் ஒரு நொடிக்குள் செய்யும் வேலையை அந்தப் பெண்மணிகள் நாவாலும் விரலாலும் செய்தார்கள். அக்காலத்தில் கணக்கிடும் வேலை பார்த்த மனிதர்களையே ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் என்று அழைத்தார்கள் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

முடிவுகள் 1901-இல் வெளிவந்தன. ஷேக்ஸ்பியரில் மிகுதியாக வருவன நான்கெழுத்துச் சொற்கள். பேக்கனில் மூவெழுத்துச் சொற்கள். இருவர் படங்களும் ஒட்டவில்லை. ஆனால் கிறிஸ்டோபர் மார்லோவின் படம் ஷேக்ஸ்பியருடையதோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்தியது! மார்லோதான் ஷேக்ஸ்பியர் என்று வாதிடுவோருக்கு இது பெருவிருந்தாயிற்று.

வாசகரே, இந்த இடத்தில் சற்று நின்று நீங்களே சிந்தித்துப் பாருங்கள். பட்டைகள் பொய் சொல்லவில்லை. எண்ணிய பெண்மணிகளும் பிழை செய்ததாகத் தெரியவில்லை. பின் எங்கே இடறுகிறது? 1975-இல் சி. பி. வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய அறிவியலார் இதைச் சுட்டிக் காட்டினார். மெண்டன்ஹால் எடுத்த ஷேக்ஸ்பியர் பெரும்பாலும் செய்யுள். எடுத்த பேக்கன் உரைநடை. அதே காலத்தவரான பிலிப் சிட்னி செய்யுளும் எழுதினார், உரைநடையும் எழுதினார். அந்த ஒரே மனிதரின் செய்யுளையும் உரைநடையையும் தனித்தனியே எண்ணிப் பார்த்தால், ஷேக்ஸ்பியருக்கும் பேக்கனுக்கும் இடையே கண்டது போன்ற வேறுபாடே தோன்றுகிறது. மார்லோவும் செய்யுளில் நாடகம் எழுதியவரே. ஆக, மெண்டன்ஹாலின் படம் ஆளைக் காட்டியதா, யாப்பைக் காட்டியதா என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று. பேக்கன் எழுதவில்லை என்ற முடிவு சரியாகவே இருக்கலாம். அதை மெய்ப்பிக்கும் ஆற்றல் இந்தப் பட்டைகளுக்கு இல்லை, அவ்வளவே.

ஒரு சிறு விளக்கம். மெண்டன்ஹால் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தே வரைந்தார். மூன்றரை எழுத்துச் சொல் என்று ஒன்று இல்லாதபோது மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கோடு எதற்கு? இந்த வகைக் கணக்குக்குத் தனித்தனிப் பட்டைகளே பொருத்தம் என்பது என் கருத்து. இத்தகைய பரவல்களைச் செவ்வகங்களாக வரைவதற்கு ஹிஸ்டோகிராம் என்று பெயர் சூட்டியவர் கார்ல் பியர்சன். அவருடைய 1895-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அச்சொல் காணப்படுகிறது. நம் பாடநூல்களில் அது நிகழ்வுச் செவ்வகம் என்று வருகிறது.

கெர்னிகனும் ரிட்சியும் மெண்டன்ஹாலை நினைத்துத்தான் இப்பயிற்சியை அமைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்தை எண்ணுவதும், இடைவெளி வந்தால் சொல் முடிந்தது என்று அறிவதும், எண்ணிக்கைகளை வரிசையான அறைகளில் போட்டு வைப்பதும் தொடக்க மாணவர் கற்க வேண்டியவை. சொல்லின் நீளம் இம்மூன்றையும் ஒரே பயிற்சிக்குள் கொண்டுவருகிறது. ஆனாலும் 1901-இல் பொத்தான் அழுத்திய பெண்மணியின் வேலை இதுவேதான். அவருடைய பொறியில் நீளத்துக்கு ஒரு பொத்தான். சி நிரலில் நீளத்துக்கு ஓர் அறை. அறைகளின் இந்த வரிசையைக் கணிப்பொறியியலார் அணி என்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சி மொழி 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. உருவாக்கிய ரிட்சி ஹார்வர்டில் இயற்பியல் படித்தவர் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அந்நாளில் அவர்கள் கணிப்பொறியோடு உரையாடியது பெரும்பாலும் டெலிடைப் என்னும் பொறி மூலமே. பார்வைக்குத் தட்டச்சுப் பொறி போன்றது. நீண்ட காகிதச் சுருளில் அச்சடிக்கும். மிகப் பரவலாக வழங்கிய 33-ஆம் வகை டெலிடைப்பில் ஒரு வரிக்கு 72 எழுத்து, நொடிக்கு 10 எழுத்து. ஒரு வரி முடிந்தால் காகிதம் மேலே நகரும். நகர்ந்தது நகர்ந்ததுதான், மேல் வரிக்குத் திரும்பிப் போய் ஒரு குறியைச் சேர்க்க இயலாது. பெரிய கணிப்பொறி மையங்களில் இருந்த வரி அச்சுப்பொறிகள் வேகத்தில் மிக உயர்ந்தவை. 1959-இல் வந்த ஐபிஎம் 1403 நிமிடத்துக்கு 600 வரி, வரிக்கு 132 எழுத்து அச்சிட்டது. ஆயினும் அவற்றிலும் காகிதம் கீழிருந்து மேலாக ஒரே திசையில்தான் ஓடியது.

இனி ஒரு சிறு எடுத்துக்காட்டைச் செய்து பார்ப்போம். இதோ ஒரு வாக்கியம்: கடை வீதியில் காய் விலை ஏறினால் வீட்டில் குழம்பின் நிறம் மாறும். இதில் ஒன்பது சொற்கள். ஈரெழுத்து 3, மூவெழுத்து 2, நான்கெழுத்து 3, ஐந்தெழுத்து 1. கிடைப் பட்டையாக:

2 | ***
3 | ** 
4 | ***
5 | *

ஒரு பட்டை ஒரு வரி. முதல் அறையில் 3 இருந்தால் மூன்று குறிகளை அச்சிட்டு வரியை முடிக்கலாம். அடுத்த பட்டை எவ்வளவு என்பதை அப்போது அறிய வேண்டியதே இல்லை. பிளேஃபேரின் முதல் படமும் கிடைப் பட்டைதான் என்பது நினைவிருக்கும். இதையே நெட்டாக நிறுத்தினால்:

3 | *     *
2 | *  *  *
1 | *  *  *  *
    2  3  4  5

இப்போது முதல் வரியை அச்சிடும் முன்பே எல்லாப் பட்டைகளின் உயரமும் தெரிந்திருக்க வேண்டும். நாணய அடுக்கைக் கீழிருந்து மேலே அடுக்குகிறோம். காகிதமோ மேலிருந்து கீழே எழுதப்படுகிறது. இந்த முரணில்தான் கடினம் இருக்கிறது. வழி யாது? முதலில் எல்லா அறைகளையும் பார்த்து மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்; இங்கே 3. பிறகு 3, 2, 1 என்று உயரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வோர் உயரத்திலும் ஒவ்வொரு பட்டையையும் பார்த்து, "இந்த உயரத்தை நீ எட்டுகிறாயா?" என்று வினவ வேண்டும். எட்டினால் நட்சத்திரம், எட்டாவிட்டால் இடைவெளி. எதுவுமில்லாத இடத்துக்கும் ஒரு எழுத்தை அச்சிட்டாக வேண்டும் என்பதை மாணவர் அறியும் இடம் இது. இடைவெளியை விட்டுவிட்டால் மேல் வரியின் இரண்டாவது குறி இடப்பக்கம் நகர்ந்து மூவெழுத்தின் தலைமேல் போய் உட்கார்ந்துவிடும். படம் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும்.

நீண்ட கட்டுரை என்றால் இன்னொரு தொல்லை. மூவெழுத்துச் சொற்கள் 3,000 என்று வையுங்கள். 72 எழுத்து வரியில் 3,000 குறிகளை எங்கே வைப்பது? மிகப் பெரிய பட்டைக்கு 60 குறி என்று சுருக்க வேண்டும். ஐந்தெழுத்துச் சொற்கள் 700 என்றால் 700-ஐ 3,000-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்க வேண்டும், விடை 14. ஆனால் சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் வெட்டப்படும். 700-ஐ 3,000-ஆல் வகுத்தால் சுழி. சுழியை 60-ஆல் பெருக்கினாலும் சுழி. ஆகவே முதலில் பெருக்கி, பிறகு வகுக்க வேண்டும். சரி, 700-ஐ 60-ஆல் பெருக்கினால் 42,000. சி மொழி வளர்ந்த பிடிபி 11 கணிப்பொறியில் முழு எண்ணுக்கு 16 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. 42,000 அங்கே எதிர்ம எண்ணாகத் திரும்பிப் பட்டையே காணாமல் போய்விடும்! முதல் பிழையைத் திருத்தப் போய் இரண்டாவதில் விழுவது இதுதான். இன்றைய கணிப்பொறிகளில் முழு எண் பொதுவாக 32 பிட் ஆதலால் இவ்வளவு சிறிய எண்களில் இந்த இடர் இல்லை.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. பதினான்கு எழுத்துச் சொற்கள் 40 மட்டுமே என்று கொள்வோம். பெருக்கி வகுத்தாலும் ஒன்றுக்குக் குறைவு, வெட்டினால் சுழி. நாற்பது சொற்கள் இருந்தும் வரைபடம் "ஒன்றும் இல்லை" என்கிறது. சுழியல்லாத அறைக்கு ஒரு குறியாவது இட வேண்டும் என்று சிலர் நிரலில் சேர்ப்பார்கள். அப்போது அந்தக் குறி தன் உண்மை அளவைவிடப் பெரிதாகிவிடும். பட்டையின் அருகே உண்மை எண்ணிக்கையையும் அச்சிடுவதுதான் நேர்மையான வழி என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

பெல் ஆய்வுக்கூடத்தோடு நீண்ட காலம் தொடர்பு கொண்டிருந்த ஜான் டூக்கி என்ற புள்ளியியலார் இதற்கு வேறொரு வழி கண்டார். 1977-இல் வந்த அவருடைய நூலில் தண்டு இலைப் படம் விரிவாக விளக்கப்பட்டது. நட்சத்திரத்துக்குப் பதிலாக அளவீடுகளின் கடைசி இலக்கங்களையே வரிசையாக எழுதிவிடுவது அந்த முறை. இலக்கங்களின் வரிசையே பட்டையாகிறது. அளவீடும் அழியாமல் இருக்கிறது. தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டே வரையக்கூடிய படம்.

இறுதியாக நம் மொழிக்கு வருவோம். மேலே கண்ட வாக்கியத்தை நான் விரல்விட்டு எண்ணினேன். சி நிரலிடம் கொடுத்தால் என்ன ஆகும்? 1970-களில் கணிப்பொறி அறிந்த எழுத்துகள் ஆஸ்கி அட்டவணையின் 128 குறிகளே; ஒரு குறிக்கு ஒரு பைட். இன்று தமிழ் யூனிகோடு முறையில், பெரும்பாலும் யூடிஎஃப் 8 என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. 1992-இல் அந்த வடிவத்தை வகுத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். தாம்சன் யூனிக்ஸை ரிட்சியுடன் சேர்ந்து உருவாக்கியவர். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். உயிரெழுத்தின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். எனவே பைட்டை எண்ணும் பழைய நிரல் "கடை" என்ற ஈரெழுத்துச் சொல்லை 9 என்று சொல்லும், "காய்" என்ற ஈரெழுத்துச் சொல்லை 12 என்று சொல்லும், "நிறம்" 15. எல்லாம் ஒரே மடங்கில் பெருகியிருந்தால் மூன்றால் வகுத்துச் சமாளிக்கலாம். ஒரே நீளமுள்ள சொற்களே வெவ்வேறு அறைகளில் போய் விழுவதால் படத்தின் வடிவமே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தின் இடத்தில் தமிழை வைத்து மெண்டன்ஹால் செய்ததைச் செய்ய முனைவோர் முதலில் இதைக் கவனிக்க வேண்டும்.

திருத்துவது அரிதன்று. துணைக்குறியையும் புள்ளியையும் எண்ணாமல் மற்றக் குறிகளை மட்டும் எண்ணினால் இலக்கணம் சொல்லும் எழுத்தெண்ணிக்கை வந்துவிடும். "க்ஷ", "ஸ்ரீ" போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி விதி வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த வாசகர்கள் இந்த இதழின் ஒரு பக்கத்தையும், நாளிதழ்த் தலையங்கம் ஒன்றையும், மரபுக் கவிதை ஒன்றையும் இவ்வாறு எண்ணிப் பட்டைகளை நெட்டாக நிறுத்திப் பாருங்கள். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டி வருவதால் உச்சி எந்த நீளத்தில் அமைகிறது என்பதையும், கவிதையில் சீர் பிரித்து எழுதுவதால் அது எவ்வளவு நகர்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.